இரண்டு சவ வண்டிகள்: மிஷன் வரலாற்றில் ‘பண்பாடு’ என்ற சொல்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘பண்பாடுகளைக் கடந்து: கிறித்தவ மிஷனரிப் பணியின் சவால்கள்’ என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இதைக் கேட்டதும் நம் மனதில் ஒரு படம் வரும். மொழி தெரியாத ஊரில் கப்பலிலிருந்து இறங்கும் வெள்ளைக்காரப் பாதிரியார், சித்திரை வெயில், காலரா, நாக்கில் வராத ழகரம். மிஷன் சரித்திரங்களில் இந்தக் கஷ்டங்கள் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன. அவை பொய்யல்ல. மொழியைப் பத்து வருடத்தில் கற்றுக்கொண்டார்கள், வெயிலும் பழகிவிட்டது. முந்நூறு, நானூறு ஆண்டுகளாகியும் தீராத சவால் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் ஊர் வட மாவட்டம் ஒன்றில் இருக்கிறது. பெயர் வேண்டாம், அதே மாதிரி நிறைய ஊர்கள் உண்டு. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் ஆயா இறந்துபோனார். வாரம் தவறாமல் பூசைக்குப் போனவர். கோயில் வளாகத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை, அதில் இரண்டு சவ வண்டிகள். ஒன்று பெயிண்ட் அடித்து, ரப்பர் டயர் போட்டது. இன்னொன்று மரச் சக்கரம் வைத்த பழைய வண்டி. ஆயாவுக்கு வந்தது மரச் சக்கர வண்டி. “அந்த நல்ல வண்டியை எடுத்தா என்ன மாமா?” என்று கேட்டேன். “அது ஊர்க்காரங்க வண்டிடா” என்றார் மாமா. வண்டி பெரிய தெருவைச் சுற்றிக்கொண்டு, கழனி ஓரமாகக் கல்லறைக்குப் போனது. ஊருக்கும் காலனிக்கும் ஒரே சாமி, ஒரே பைபிள், ஒரே சாமியார்.

பல வருடம் கழித்து, ஆய்வு மாணவனாக, அங்கே பணியாற்றிய ஒரு குருவிடம் இதைக் கேட்டேன். கோபப்படாமல் பதில் சொன்னார்: “நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருக்கிற வழக்கம் தம்பி. மக்களோட பண்பாட்டை ஒரே நாள்ல மாத்த முடியாது.”

அந்தப் பண்பாடு என்ற சொல்தான் என்னை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பியது. யாருடைய பண்பாடு? ஆயாவுக்கும் ஒரு பண்பாடு இருந்ததே. அதற்கு ஏன் யாரும் வழிவிடவில்லை?

1606இல் இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வருகிறார். அங்கே ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசிய சேசு சபைக் குரு பரதவ மக்களிடையே பணியாற்றிக்கொண்டிருக்கிறார். மேல்சாதியார் யாரும் அவரிடம் நெருங்கவில்லை. நொபிலி காரணத்தைக் கண்டுபிடிக்கிறார்: மாட்டுக்கறி தின்கிற, ‘கீழ்ச்சாதி’யாரோடு புழங்குகிற பரங்கிகளின் மதமாக இது பார்க்கப்படுகிறது. ஆகவே அவர் ‘நான் பரங்கி இல்லை’ என்று அறிவிக்கிறார். காவி உடுத்துகிறார். மரக்கறி உணவு, பிராமணச் சமையல்காரர், தனி வீடு, தனிக் கோயில். தமிழும் வடமொழியும் கற்றுத் தேர்கிறார். அவர் உழைப்பையோ புலமையையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. தமிழ் உரைநடை வரலாற்றில் அவருக்கு இடம் உண்டு.

அதே காலத்தில் சீனத்தில் மத்தேயோ ரிச்சி என்ற இன்னொரு சேசு சபைக் குரு இதே வழியைத்தான் பின்பற்றினார். முதலில் பௌத்தத் துறவி போல உடுத்தியவர், 1595இல் கன்பூசிய அறிஞர்களின் உடைக்கு மாறினார். சீனத்தில் பெரிய சண்டை மூதாதையருக்குச் செய்யும் வணக்கத்தைப் பற்றி எழுந்தது. இறந்துபோன தாத்தாவை வணங்கலாமா என்பது கேள்வி. இங்கே எழுந்த கேள்வி வேறு. உயிரோடு இருக்கிற பக்கத்துத் தெருக்காரரைத் தொடலாமா என்பது. இரண்டையும் ‘உள்ளூர்ப் பண்பாட்டுக்கு இசைந்துபோதல்’ என்ற ஒரே பெயரில் அழைக்கிற புத்தகங்களை வாசிக்கும்போது நாம் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

நொபிலி வைத்த வாதம் என்ன? பூணூல், குடுமி, சந்தனம், சாதி ஆசாரம் இவையெல்லாம் மதம் அல்ல, சமூக வழக்கம். ஆகவே ஒருவர் கிறித்தவரான பிறகும் இவற்றை வைத்துக்கொள்ளலாம். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூலுக்கும் குடுமிக்கும் அனுமதி கொடுத்தார். பிறகு, மற்ற சாதியாருக்கென்று ‘பண்டாரசாமி’கள் என்ற தனி வகைக் குருக்கள் உருவானார்கள். ஆக, மக்களுக்கு முன்னால் குருக்கள் சாதிவாரியாகப் பிரிந்துவிட்டார்கள்.

இதன் முடிவு எங்கே போய் நின்றது தெரியுமா? சாகக் கிடக்கும் ஒரு பறையர் கிறித்தவரின் குடிசைக்குள் நுழைந்து இறுதி அருட்சாதனம் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வியில். இது ரோம் வரை போன வழக்கு. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் ஆணை வெளியிடுகிறார். குருக்கள் போகத்தான் வேண்டும் என்பது கொள்கை. நடைமுறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஏற்பாடோ, பறையர்களுக்கென்று தனி மிஷனரிகளை ஒதுக்குவது. இதைப் படித்த அன்று எனக்கு அந்தக் கொட்டகைதான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரின் இரண்டு வண்டிகளுக்கும் வயது கிட்டத்தட்ட முந்நூறு.

“அது கத்தோலிக்கர்கள் செய்தது, புராட்டஸ்டன்ட்டுகள் அப்படி இல்லை” என்று சிலர் சொல்வார்கள். பார்ப்போம். 1706 ஜூலையில் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்குகிறார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவருகிறது. மகத்தான வேலை. அந்த அச்சுப் புத்தகத்தை வாசித்துத் தேடி வந்தவர்களில் ஒருவர் இராஜநாயக்கன். பறையர் சமூகத்தவர், தஞ்சை அரசரின் படையில் சேர்வைக்காரர், ஏற்கெனவே கத்தோலிக்கர். அவர் உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் அடி உதைகளுக்கு நடுவே சபைகளை உருவாக்குகிறார். 1733இல் இந்தியர் ஒருவரை முதன்முதலாகக் குருவாக அபிஷேகம் செய்ய மிஷன் முடிவெடுக்கிறது. இராஜநாயக்கன் பெயரும் பேச்சில் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆரோன், வெள்ளாளர். காரணத்தை மிஷனரிகள் மறைக்கவில்லை: பறையர் ஒருவர் கையால் வெள்ளாளக் கிறித்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள். இராஜநாயக்கன் 1771இல் உபதேசியாராகவே இறந்துபோனார்.

ஆரோன் தகுதியற்றவர் என்று நான் சொல்லவில்லை. ஓர் அமைப்பு முடிவெடுக்கும்போது யாருடைய முகச்சுளிப்பை அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்று கேட்கிறேன். வெள்ளாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது ‘பண்பாட்டுச் சவால்’ ஆனது. இராஜநாயக்கன் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பது எந்தத் தலைப்பின் கீழும் வரவில்லை.

நூறு வருடம் கழித்து ஒருவர் இதை உடைக்கப் பார்க்கிறார். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை அனுப்புகிறார்: சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக, முற்றாக ஒழிய வேண்டும். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் கூட்டமாக வெளியேறுகிறார்கள். பெரும் புலவரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இதற்கு முன்பே, 1829இல், ‘ஜாதி திருத்தலின் பயித்தியம்’ என்று எழுதியவர். எதிர்ப்பின் முன்வரிசையில் அவர் நிற்கிறார். அவர்கள் வாதம் என்ன? நொபிலி சொன்ன அதே வாதம். சாதி என்பது உலக வழக்கம், உங்கள் நாட்டில் பிரபு, குடியானவன் இல்லையா, அது போலத்தான். மதத்தோடு இதற்குச் சம்பந்தம் இல்லை. இப்படி வெளியேறியவர்களில் பலரை, 1840இல் தமிழகத்துக்கு வந்த லைப்சிக் மிஷன் பின்னர் சேர்த்துக்கொண்டது. ‘சாதி ஒரு சமூக ஏற்பாடு, மெதுவாகத்தான் மாறும்’ என்பது அதன் நிலைப்பாடு. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு, மற்ற கிறித்தவரோடு உட்கார்ந்து சாப்பிட மறுப்பவரைச் சபையில் ஏற்க முடியாது என்ற நிலையை எடுத்தபோது, லைப்சிக் மட்டும் விலகி நின்றது.

கவனியுங்கள். விசுவாச அறிக்கையைச் சொன்னார்களா, வேதம் தெரியுமா என்பதல்ல அந்தச் சோதனை. ஒரே பந்தியில் சாப்பிடுவாயா என்பது. சாதியை எங்கே பிடிக்க வேண்டும் என்று அவர்களில் சிலருக்காவது புரிந்திருந்தது.

இதுவரை சொன்ன கதையில் மிஷனரி வருகிறார், மக்கள் ஏற்கிறார்கள் அல்லது மறுக்கிறார்கள். இந்தச் சட்டகமே பாதிதான் உண்மை. கன்னியாகுமரி மாவட்டம் மயிலாடிக்குப் போவோம். அன்று அது திருவிதாங்கூர். அங்கிருந்து ஒரு சாம்பவர், பிற்காலத்தில் மகாராசன் வேதமாணிக்கம் என்று அறியப்பட்டவர், தஞ்சாவூர்ப் பக்கம் போன இடத்தில் கிறித்தவத்தை அறிந்து ஞானஸ்நானம் பெறுகிறார். ஊர் திரும்பித் தன் மக்களைத் திரட்டுகிறார், எங்களுக்கு ஒரு மிஷனரி வேண்டும் என்று கேட்கிறார். அந்த அழைப்பின் பேரில்தான் 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வருகிறார். 1809இல் அங்கே ஆலயம் எழுகிறது. பாடநூல்களில் ரிங்கல்தௌபே ‘கொண்டுவந்தார்’ என்று இருக்கும். அழைத்தவர் ஒரு சாம்பவர். நம் மக்கள் கைநீட்டி வாங்கிக்கொண்டவர்கள் மட்டுமில்லை. தேடிப் போனவர்கள், பேரம் பேசியவர்கள், முடிவெடுத்தவர்கள்.

அதே திருவிதாங்கூரில்தான் தோள்சீலைப் போராட்டம். 1859இல் மன்னர் வெளியிட்ட பிரகடனம் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்றது. ‘மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது’ என்ற நிபந்தனையும் அதிலேயே இருந்தது. ஊர்ப் பண்பாட்டை மீறியவர்கள் அந்தப் பெண்கள். மிஷனரிகள் பக்கத்தில் நின்றார்கள், மனு எழுதினார்கள். நிற்காமல் போயிருந்தால் இன்னும் தாமதமாகியிருக்கும். அதை மறுப்பது நன்றிகெட்டதனம்.

ஆனால் அதே மிஷனின் உள்ளே பாருங்கள். நாகர்கோவிலில் பள்ளிகளையும் அச்சுக்கூடத்தையும் கட்டி வளர்த்தவர் சார்லஸ் மீட். மனைவியை இழந்த பிறகு 1850களின் தொடக்கத்தில், ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வந்த கிறித்தவக் குடும்பத்துப் பெண் ஒருவரை மணந்துகொண்டார். சக மிஷனரிகளால் தாங்க முடியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் உழைத்தவர் மிஷன் சங்கத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. இங்கே தடையாக நின்றது தமிழர் பண்பாடு மட்டுமல்ல, வெள்ளைக்காரரின் நிறப் பண்பாடும்தான். இரண்டும் ஒன்றையொன்று நன்றாகப் புரிந்துகொண்டன.

அடுத்து செங்கல்பட்டு. 1876–78 பஞ்சத்துக்குப் பின் தலித் மக்கள் திரளாக மிஷன்களைத் தேடி வந்தார்கள். மிஷனரிகளுக்கு ஒரு சந்தேகம்: இவர்கள் ஆன்மாவுக்காக வருகிறார்களா, சோற்றுக்காக வருகிறார்களா? ‘சோற்றுக் கிறித்தவர்’ என்ற வசவு இந்தச் சந்தேகத்திலிருந்து வளர்ந்தது. பண்ணையாளாக, அடிமையாகக் கிடந்த ஒருவருக்குச் சோறும் நிலமும் மரியாதையும் தனித்தனிக் கேள்விகளா? எஜமான் அடிக்க வரும்போது பக்கத்தில் நிற்க ஒருவர் வேண்டும் என்று நினைப்பது ஆன்மிகம் இல்லையா? ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற சில மிஷனரிகள் இதைப் புரிந்துகொண்டு நிலத்துக்காகக் குரல் கொடுத்தார்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையும், 1892இல் வந்த பஞ்சமி நில ஆணையும் அந்தச் சூழலில் பிறந்தவை. மக்கள் கேட்டதை மக்களின் கணக்கிலேயே கேட்டபோதுதான் மிஷன் ஏதாவது சாதித்தது.

சரி, பழைய கதை என்பீர்கள். நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கோயில் கட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரியும். ஒரு காலில் வெள்ளாளர், இன்னொரு காலில் நாடார். இரு தரப்பும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. பொறியாளரும் கொத்தனாரும் சேர்ந்து சாதியைக் கட்டடமாக்கினார்கள். 1910இல் குருக்களே அந்தத் தடுப்பை இடித்தார்கள். மேல்சாதியார் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலை அவசியம் வாசியுங்கள்.

2008 மார்ச்சில் எறையூர். தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்கள் தாக்கப்பட்டார்கள். காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். அங்கேயும் தெருவும் சவ ஊர்வலமும் கோயிலுமே பிரச்சினை. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது: 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள், தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் பங்கு மிகச் சொற்பம். இந்தியாவுக்கு முதல் கர்தினால் 1953இல் கிடைத்தார். முதல் தலித் கர்தினாலாக அந்தோணி பூலா பொறுப்பேற்றது 2022இல். இடையில் 69 ஆண்டுகள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நொபிலியும் தஞ்சாவூர் வெள்ளாளரும் லைப்சிக் மிஷனும் சொன்னது நினைவிருக்கிறதா? ‘சாதி மதம் அல்ல, வெறும் வழக்கம். ஆகவே மதம் மாறினாலும் சாதி கூடவே வரும்.’

இப்போது 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையைப் பாருங்கள். இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. இதன் வாதம் என்ன? ‘சாதி மதம் சார்ந்தது. ஆகவே மதம் மாறினால் சாதி போய்விடும்.’

இரண்டும் நேர் எதிரான வாக்கியங்கள். இரண்டும் ஒரே ஆளின் தலையில்தான் விழுகின்றன. கோயிலுக்குள் அவர் இருக்கையைப் பின்னால் தள்ள வேண்டுமென்றால், சாதி போகாது. அரசு அலுவலகத்தில் அவர் சான்றிதழை மறுக்க வேண்டுமென்றால், சாதி போய்விட்டது. எங்கள் ஆயா மரச் சக்கர வண்டியில் போனது சாதி போகாததால். என் தங்கைக்குச் சாதிச் சான்றிதழில் ‘பி.சி.’ என்று போட்டுக் கொடுத்தது சாதி போய்விட்டதால். காலனியில் புகுந்து அடித்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பக்கத்து வீட்டு இந்து தலித்துக்கு உண்டு, எங்களுக்குக் கிடையாது. ஊராட்சித் தனித்தொகுதியில் நிற்க முடியாது.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த தொழிலாளி சூசை இதைத்தான் உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். இந்து ஆதிதிராவிடத் தொழிலாளிக்குக் கிடைத்த இலவசப் பெட்டிக்கடை கிறித்தவரான அவருக்கு மறுக்கப்பட்டது. 1985இல் வந்த தீர்ப்பின் சாரம்: மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை. ஆதாரம்! வடக்கன்குளத்தில் கல்லாகவே இருந்தது. ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்திலும் இருந்தது. ஆனால் ‘எங்களிடம் சாதி இல்லை’ என்று வெளியே சொல்லிப் பழகிய திருச்சபை, தன் குற்றத்தின் ஆவணங்களைத் தன் அலமாரிக்குள்ளேயே வைத்திருந்தது. அந்த மௌனத்தின் விலையைக் கொடுத்தவர் சூசை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. 2022இல் மறுபடியும் ஓர் ஆணையம். நாம் இன்னும் காத்திருக்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நான் பேசிய இவ்வளவையும் வெட்டி எடுத்து, ‘பார்த்தீர்களா, கிறித்தவத்திலும் சாதி, எதற்கு மதம் மாறுகிறீர்கள், வீடு திரும்புங்கள்’ என்று சொல்லக் காத்திருக்கிறது ஒரு கூட்டம். 2002இல் தமிழ்நாட்டில் வந்த மதமாற்றத் தடைச் சட்டம், பெண்களையும் பட்டியல் சாதி, பழங்குடியினரையும் மதம் மாற்றினால் கூடுதல் தண்டனை என்றது. ஏன்? இவர்களுக்குச் சுயமாக முடிவெடுக்கத் தெரியாதாம். ‘சோற்றுக் கிறித்தவர்’ என்று சொன்ன அதே வாய்தான் இது. சட்டம் 2004இல் போனது, வாய் போகவில்லை. கிறித்தவச் சாதி எங்கிருந்து வந்தது? எந்த வீட்டுக்குத் திரும்பச் சொல்கிறார்களோ, அந்த வீட்டிலிருந்து. அண்ணல் அம்பேத்கரும் மதம் மாறிய கிறித்தவர்களின் நிலையை ஆராய்ந்து கடுமையாக எழுதினார். ஆனால் அவர் எழுதியது வீடு திரும்புவதற்காக அல்ல. 1956இல் அவர் வெளியேறிக் காட்டினார்.

அப்படியானால் மிஷன் எந்தப் பண்பாட்டோடு இசைந்திருக்க வேண்டும்? 1969இல் கத்தோலிக்க வழிபாட்டை இந்தியமயமாக்கப் பன்னிரண்டு மாற்றங்கள் ஏற்கப்பட்டன. ஆரத்தி, அஞ்சலி, குத்துவிளக்கு வந்தன. நல்லது. ஆனால் இந்தியப் பண்பாடு என்றதும் அவர்கள் கண்ணில் பட்டது அக்ரகாரத்துக்கு நெருக்கமானதுதான். பறை கண்ணில் படவில்லை. 1981இல் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலைப் பேசத் தொடங்கினார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புறப் பாட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். சேரியின் இசை, சேரியின் சாப்பாடு, சேரியின் பேச்சு ஆகியவையும் கடவுள் காது கொடுக்கும் பண்பாடுதான் என்று சொல்ல, நொபிலிக்குப் பிறகு கிட்டத்தட்ட நானூறு வருடம் ஆகியிருக்கிறது. சொன்னவர்கள் மிஷனரிகள் அல்ல, நம் ஆட்கள்.

நான் கிறித்தவனா என்று கேட்பீர்கள். எப்போதாவது கோயிலுக்குப் போகிறேன். நீங்கள் நம்பிக்கையுள்ளவரோ நாத்திகரோ, உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம், தேர் போகும் தெரு, பங்குப் பேரவைப் பட்டியல், இவற்றைப் படம் எடுத்து, எழுதி வையுங்கள். சூசையிடம் கேட்ட ஆதாரத்தை இனி யாரும் இல்லை என்று சொல்லக் கூடாது. அடுத்து, 1950 ஆணையின் மதத் தடையை நீக்கும் போராட்டத்தைக் கிறித்தவர் விவகாரம் என்று ஒதுக்கிவிடாமல், சாதி ஒழிப்பின் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் இப்போது அந்த இரண்டு வண்டிகளும் இல்லை. டவுனிலிருந்து வாடகைக்குச் சொர்க்க ரதம் வருகிறது. போன வருடம் எங்கள் மாமா இறந்தபோதும் வந்தது. புதுசாக வந்த டிரைவர், வழி தெரியாமல், நேராகப் பெரிய தெருப் பக்கம் வண்டியைத் திருப்பினார். காலனியின் வயசாளிகள் சிலர் ஓடிப்போய் நிறுத்தப் பார்த்தார்கள். இளைஞர்கள் சிலர் வண்டிக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்கள். வண்டி போனது.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் பேச்சுவார்த்தை என்று எங்களைக் கூப்பிட்டார்கள். அந்தப் பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.